அட்லாண்டிக் ராலி: கூட்டமாகக் கிளம்பும் நாளில் காற்றைப் பார்ப்பது எப்படி

அட்லாண்டிக்கைக் கடக்கும் பாய்மரப் படகு ராலிக்கு, அதாவது பல படகுகள் சேர்ந்து போகும் பயணத்துக்கு, பெயர் கொடுத்தவர்கள் பாய், லைஃப்ராஃப்ட் (உயிர்காக்கும் மிதவை), சாப்பாடு, தண்ணீர் என்று மாதக் கணக்கில் தயாராவார்கள். கிளம்பும் நாளின் காற்றை மட்டும் ஏற்பாட்டாளர்களிடம் விட்டுவிடுவார்கள். அவர்களிடம் வானிலை நிபுணர் இருக்கிறார், கிளம்புவதற்கு முந்தைய நாள் எல்லாரையும் கூட்டி விளக்குவார்கள், நிலைமை மோசம் என்றால் தேதியைத் தள்ளிவைப்பார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அவர்கள் பார்ப்பது முழுக் கூட்டத்துக்கும் பொதுவான வானிலை. உங்கள் படகில் யாருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது, படகைத் தானாகத் திசைபிடித்து ஓட்டும் உங்கள் ஆட்டோபைலட் எவ்வளவு அலை வரை தாக்குப்பிடிக்கும், ராத்திரி ஒரு மணிக்குப் பாய் சுருக்க எத்தனை பேர் எழுந்து வருவார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. பாய்மரப் போட்டி விதிகளே இதைத் தெளிவாகச் சொல்கின்றன: கலந்துகொள்வதா, தொடர்வதா என்ற முடிவின் பொறுப்பு அந்தந்தப் படகுடையது மட்டும்தான்.

நான் ஸ்கிப்பர் (படகின் தலைவர்) இல்லை. கடக்கும் படகுகளில் வானிலை பார்க்கும் வேலையை எடுத்துக்கொண்டு போகிறவள். அந்த இடத்திலிருந்து பார்த்து எனக்குப் பிடிபட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஒன்றுதான். கிளம்பலாமா வேண்டாமா என்ற முடிவின் பெரும்பகுதியை, துறைமுகத்தில் அந்தக் கூட்டத்துக்கு நடுவே போய் நிற்பதற்கு முன்பே எடுத்து வைத்துவிட வேண்டும்.

நவம்பர் கடைசி என்பது என்ன மாதிரி நேரம்

இந்த ராலிகளில் பெரியது ஆர்க் (அட்லாண்டிக் ராலி ஃபார் குரூசர்ஸ்). ஜிம்மி கார்னெல் 1986-ல் தொடங்கியது. கேனரி தீவுகளில் கிரான் கனேரியாவின் லாஸ் பால்மாஸ் துறைமுகத்தில் நவம்பர் கடைசியில் கிளம்புகிறது. ஆரம்ப வருடங்களில் பார்படாஸில் முடிந்தது, 1990 முதல் செயின்ட் லூசியாவின் ராட்னி பேயில் முடிகிறது. சுமார் 2,700 கடல் மைல். சாதாரணக் குடும்பப் படகுக்கு மூன்று வாரத்தை ஒட்டி ஆகும். இதன் கிளைப் பாதை ஒன்று கேப் வெர்டேயின் மிண்டெலோவில் நின்று போகிறது.

அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. நவம்பர் கடைசியில் கிழக்கே இருந்து கிளம்பினால், மேற்கே போய்ச் சேரும்போது டிசம்பர் நடுப்பகுதி ஆகிவிடும். இன்சூரன்ஸ்காரர்களும் ஒத்துக்கொள்வார்கள், கிறிஸ்துமஸுக்குக் கரீபியனில் இருக்கலாம். தேதியைத் தீர்மானிப்பது இந்தக் கணக்குதான். வடகிழக்கு வியாபாரக் காற்று (வெப்பமண்டலக் கடலில் படகை மேற்கே தள்ளிக்கொண்டு போகும் காற்று) அந்தத் தேதிக்குள் நிலைபெற்றிருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. பல வருடங்களில் அது நிலைபெற்றிருப்பதும் இல்லை. காற்று மட்டும்தான் உங்கள் கவலை என்றால் ஜனவரியில் கிளம்பும் ராலியைத் தேர்ந்தெடுங்கள், அப்போது வியாபாரக் காற்று பெரும்பாலும் ஒழுங்காக ஓடும். விடுமுறை, குடும்பம், சேர்ந்து போகும் நண்பர்கள் எல்லாவற்றையும் பார்த்துத்தான் பலர் நவம்பருக்கு வருகிறார்கள். அதில் தவறில்லை. எந்தப் பருவத்தில் கிளம்புகிறோம் என்று தெரிந்து கிளம்பினால் போதும்.

எல்லாவற்றுக்கும் மூலம் அசோர்ஸ் உயர் அழுத்தம், அதாவது வட அட்லாண்டிக்கில் நிற்கும் காற்றழுத்த மேடு. அது அசோர்ஸ் தீவுகளை ஒட்டித் திடமாக உட்கார்ந்திருந்தால் அதன் தெற்கு ஓரமாக வடகிழக்குக் காற்று நிதானமாக வீசும். வட அட்லாண்டிக்கில் ஆழமான தாழ்வு மண்டலம் ஒன்று தெற்கே இறங்கி வந்தால் அந்த உயர் அழுத்தம் இரண்டாகப் பிளந்துவிடும். அப்போது கேனரி தீவுகளிலேயே தென்மேற்கிலிருந்து காற்று அடிக்கும். போக வேண்டிய திசையிலிருந்தே எதிர்காற்று. 2005 நவம்பர் கடைசியில் ராலிப் படகுகள் கடலில் இருந்தபோது டெல்டா என்ற வெப்பமண்டலப் புயல் கேனரி தீவுகள் பக்கமாகவே வந்தது. கிரான் கனேரியாவின் வடமேற்குக் கரையில் கடவுளின் விரல் என்று அழைக்கப்பட்ட பாறைத் தூணின் உச்சி அந்தப் புயலில்தான் உடைந்து விழுந்தது. அந்த மாதம் அப்படியும் நடந்துகொள்ளும்.

பத்து நாள் முன்பிருந்து

கிளம்பும் தேதிக்குப் பத்து நாள் இருக்கும்போதே தினமும் ஒரு முறை, ஒரே நேரத்தில், அழுத்தப் படத்தைப் பாருங்கள். காற்று அம்புக்குறிகளைப் பிறகு பார்க்கலாம். முதலில் சம அழுத்தக் கோடுகள். உயர் அழுத்தத்தின் நடு எங்கே இருக்கிறது, எவ்வளவு மில்லிபார், நேற்று எங்கே இருந்தது, மேற்கே அடுத்த தாழ்வு மண்டலம் எந்தப் பாதையில் வருகிறது. நான் நோட்டில் தினம் இரண்டு வரி எழுதுவேன். ஐந்தாம் நாள் வரும்போது வானிலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று மனதில் ஒரு படம் உருவாகியிருக்கும். கடைசி நாள் விளக்கக் கூட்டத்தில் நிபுணர் பேசும்போது, அவர் சொல்வதில் எது புதிது என்று அப்போதுதான் உங்களுக்குத் தெரியும். முதல் முறையாக அந்தக் கூட்டத்தில்தான் வானிலையைக் கேட்கிறீர்கள் என்றால், எல்லாமே ஒரே சத்தமாகத்தான் காதில் விழும்.

கணினி வானிலைக் கணிப்புகளில் அமெரிக்க மாடலான ஜிஎஃப்எஸ் ஒரு நாளைக்கு நான்கு முறை ஓடுகிறது, பதினாறு நாள் வரை எண் கொடுக்கிறது. கொடுக்கிறது என்பதற்காக அத்தனையையும் நம்ப வேண்டியதில்லை. கிளம்புவதைத் தீர்மானிக்க எனக்குத் தேவை முதல் மூன்று நாள் மட்டும். நான்கிலிருந்து ஏழு வரை எந்தப் பக்கம் போவது என்று யோசிக்க உதவும். அதற்கு மேல் வெறும் போக்கு. ஐரோப்பிய மாடலையும் அமெரிக்க மாடலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். இரண்டும் ஒத்துப்போனால் நிம்மதி. ஒத்துப்போகாவிட்டால் சராசரி எடுக்கக் கூடாது. எது மோசமோ அதற்குத் தயாராக வேண்டும்.

இன்னொன்று: மாடலின் எண்களைப் படகுக்கு இறக்கும் கிரிப் ஃபைலில் வரும் காற்று பத்து மீட்டர் உயரத்தின் சராசரிக் காற்று. அதில் 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) என்று எழுதியிருந்தால் வீச்சில் 28 வரை வரும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பாயின் மேல் விழும் விசை காற்று வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 20-லிருந்து 28 ஆனால் விசை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. எட்டு நாட் கூடியது சின்ன விஷயம் போலத் தெரியும். உங்கள் பாய்மரத்துக்கு அப்படி இருக்காது.

ஒரு தாள், நான்கு வரி

துறைமுகத்தில் கடைசி வாரம் சந்தோஷமான வாரம். கொடிகள், விருந்து, பக்கத்துப் படகுக் குழந்தைகளோடு பழக்கம், தினம் ஒரு பயிற்சி வகுப்பு. எனக்கு அந்த வாரம் மிகவும் பிடிக்கும். ஆனால் அந்தச் சூழலில் தனியாக ஒரு முடிவு எடுப்பது மிகக் கடினம். இருநூறு படகு கயிறை அவிழ்க்கும்போது நீங்கள் மட்டும் கட்டிவைத்துக்கொண்டு நிற்க வேண்டும். கூட்டம் தருகிற தைரியம் உண்மையானது, அது கடலிலும் உதவும். கிளம்புகிற நாளில் அது தவறான பக்கம் தள்ளவும் செய்யும். பக்கத்துப் படகு ஐம்பது அடி, ஆறு பேர், நான்கு பேர் கடலில் பழகியவர்கள். உங்கள் படகு முப்பத்தாறு அடி, இரண்டு பேர். அவர்கள் கிளம்புவதை வைத்து நீங்கள் எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

அதனால் துறைமுகத்துக்கு வருவதற்கு முன், வீட்டில் உட்கார்ந்து, ஒரு தாளில் எழுதிவிடுங்கள். முதல் 72 மணி நேரத்தில் சராசரிக் காற்று எவ்வளவு வரை ஏற்போம். அலை எத்தனை மீட்டர், எத்தனை செகண்டு இடைவெளி. காற்று முன்பக்கத்திலிருந்து வந்தால் எத்தனை மணி நேரம் வரை. படகில் எந்தக் கோளாறு இருந்தால் எந்த வானிலையிலும் கிளம்பமாட்டோம். ஸ்கிப்பரும் மற்றவர்களும் கையெழுத்துப் போட்டு, மேப் மேஜைக்கு மேலே ஒட்டிவிடுங்கள்.

அலை இடைவெளியை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. மூன்று மீட்டர் அலை பன்னிரண்டு செகண்டுக்கு ஒன்று வந்தால் படகு மேலேறி இறங்கும், அவ்வளவுதான். அதே மூன்று மீட்டர் ஏழு செகண்டுக்கு ஒன்று வந்தால் சமைக்க முடியாது, தூங்க முடியாது, முதல் நாளே பாதிப் பேர் படுத்துவிடுவார்கள். இதோடு வடமேற்கிலிருந்து ஒரு பழைய நெடு அலை குறுக்கே வந்து சேர்ந்தால் இன்னும் மோசம். படத்தில் உயரத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் அதிகம்.

ஒரு வருடம் எங்கள் தாளில் சராசரி 25 நாட், மூன்று மீட்டர், எட்டு செகண்டுக்குக் குறையக் கூடாது என்று இருந்தது. கிளம்பும் நாள் காலையில் நான் படத்தை எடுத்துவந்து ஸ்கிப்பரிடம் காட்டினேன். "அண்ணா, காற்று 28. அலை ஏழு செகண்டு. நாளைக்குச் சாயங்காலம் இறங்குது." அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி, நாளைக்குப் போவோம். ஆபீஸில் சொல்லிட்டு வந்துடறேன்" என்றார். விவாதமே இல்லை. விவாதம் எல்லாம் ஒரு மாதம் முன்பே முடிந்திருந்தது. அன்று மதியம் எல்லாப் படகும் போன பிறகு பான்டூனில் (மிதக்கும் படகுத் துறையில்) நாங்களும் இன்னும் சில படகுக்காரர்களும் மட்டும் இருந்தோம். மறுநாள் சாயங்காலம் 18 நாட் காற்றில் கிளம்பினோம், முதல் ராத்திரியே உட்கார்ந்து சூடாகச் சாப்பிட்டோம். முந்தைய நாள் போனவர்கள் பெரும்பாலும் பத்திரமாகத்தான் போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் போனது தவறு என்று சொல்லவில்லை. எங்கள் படகுக்கு அன்று அது சரிப்படாது, அவ்வளவுதான்.

தாமதமாகக் கிளம்பினால் என்ன ஆகும் என்பதை ராலியின் விதிப் புத்தகத்தில் முன்பே படித்து வைத்துக்கொள்ளுங்கள். யாரிடம் சொல்ல வேண்டும், படகின் இடத்தைக் காட்டும் டிராக்கர் எப்போது ஓட வேண்டும், நேரம் எப்படிக் கணக்காகும் என்பதெல்லாம் அதில் இருக்கும். வழி இருக்கிறது என்று தெரிந்தால் அதை எடுக்க மனம் வரும்.

ஏற்பாட்டாளர்களே தள்ளிவைத்த வருடமும் உண்டு. 2012-ல் பலத்த காற்றும் பெரிய அலையும் இருந்ததால் ஆர்க்கின் குரூசிங் (சாதாரணப் பயணப் படகுகள்) பிரிவு இரண்டு நாள் தாமதமாகத்தான் கிளம்பியது, ரேஸிங் (போட்டிப் படகுகள்) பிரிவு குறித்த நாளிலேயே போனது. ஒரே வானிலை, இரண்டு விதமான படகு, இரண்டு முடிவு. எனக்கு அது மிகச் சரியாகப் பட்டது. முன்கூட்டியே கிளம்புவதும் இதே கணக்குதான். 2013 நவம்பரில் வர்ஜீனியாவிலிருந்து கரீபியனுக்குப் போகும் கரீபியன் 1500 ராலி, பின்னால் வரும் வானிலை முகப்பிலிருந்து (மோசமான காற்றைக் கொண்டுவரும் எல்லையிலிருந்து) தப்பிக்க ஒரு நாள் முன்பே கிளம்பியது. அந்தப் பாதையில் கல்ஃப் ஸ்ட்ரீம் நீரோட்டம் குறுக்கே ஓடுகிறது. வடக்கிலிருந்து காற்று எதிர்த்து அடித்தால் சுவர் போன்ற அலை எழும். அந்த வருடம் சில நாள் கழித்துக் கிளம்பிய படகுகளில் சில சுக்கான் உடைந்தும் பாய்மரம் விழுந்தும் கடலோரக் காவல் படையின் உதவியை நாட வேண்டியிருந்தது.

தீவைச் சுற்றும் காற்று

லாஸ் பால்மாஸிலிருந்து கிளம்புகிறவர்கள் அட்லாண்டிக்குக்காக எல்லாத் தயாரிப்பும் செய்திருப்பார்கள், முதல் ஆறு மணி நேரத்துக்காகச் செய்திருக்கமாட்டார்கள். கடினமான பகுதி அதுதான்.

கிரான் கனேரியா கிட்டத்தட்ட வட்டமான தீவு, குறுக்கே ஐம்பது கிலோமீட்டர் இருக்கும், நடுவில் 1,950 மீட்டர் உயர மலை. வடகிழக்குக் காற்று இதில் மோதி இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டு ஓடுகிறது. கிழக்குக் கரையில் விமான நிலையம் இருக்கும் பக்கத்திலிருந்து தெற்கு முனை வரை காற்று திடீரென்று பத்து, பதினைந்து நாட் கூடும். கேனரியில் படகு ஓட்டுகிற எல்லாருக்கும் இந்த முடுக்கப் பகுதிகள் தெரியும். படகுக்கு இறக்கும் உலக மாடல் ஃபைலில் ஒரு கட்டம் பெரும்பாலும் 28 கிலோமீட்டர் வரை இருக்கும். தீவே இரண்டு கட்டத்தில் அடங்கிவிடும், மலை தட்டையாகிவிடும். ஆகவே அந்தக் கூடுதல் காற்று நீங்கள் இறக்கிய ஃபைலில் இருக்காது. ஃபைலில் 18 இருந்தால் அங்கே 30-க்குத் தயாராக இருங்கள்.

தெற்கு முனை தாண்டியதும் இதற்கு நேர்மாறு. தீவின் மறைவில் காற்றே இல்லாமல் போகும், பாய் தொங்கும், ஆனால் அலை மட்டும் விடாது. அந்த மறைவு பல மைல் நீளும். அதற்குள் மாட்டிக்கொண்ட படகு பல மணி நேரம் ஆடிக்கொண்டே நிற்கும். கரையை விட்டு நன்றாக விலகித் தென்கிழக்காகவும் தெற்காகவும் போய், காற்று ஒரே சீராகும் வரை மேற்கே திரும்பாமல் இருப்பதுதான் வழி. முன்னால் போகும் படகுகள் கரையை ஒட்டித் திரும்பினாலும் நீங்கள் திரும்ப வேண்டாம்.

தொடக்கக் கோட்டைத் தாண்டுவது

துறைமுகத்துக்கு வெளியே தொடக்கக் கோடு. பிரிவு பிரிவாக விடுவார்கள். வேடிக்கை பார்க்க வந்த படகுகள் சுற்றிலும். எல்லாருக்கும் உற்சாகம், எல்லாரும் கை அசைக்கிறார்கள், யாரும் முன்னால் பார்ப்பதில்லை. 2,700 மைல் பயணத்தில் முதல் ஐந்து நிமிடத்தில் முந்துவதால் எதுவும் கிடைக்காது. இதை மனதார நம்புங்கள். கூட்டத்தின் பின்பகுதியில், காற்று வரும் பக்கமாக நில்லுங்கள். மெயின் பாயில் ஒரு ரீஃப் போட்டே (ஒரு பகுதியைச் சுருக்கிக் கட்டியே) தொடங்குங்கள், முடுக்கப் பகுதி இரண்டு மணி நேரத்தில் வந்துவிடும். ஸ்பின்னேக்கர் என்ற பெரிய பலூன் பாயை அன்று பையிலேயே வையுங்கள். ஒருவர் முன்முனையில் நின்று வேறு எந்த வேலையும் பார்க்காமல் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். போட்டோ எடுக்கும் ஆள் அவராக இருக்கக் கூடாது.

குரூசிங் பிரிவில் இன்ஜின் ஓட்டலாம், எத்தனை மணி நேரம் ஓட்டினோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும், அதற்கு அபராத நேரம் கூடும். கோட்டருகே இன்ஜினைத் தயாராக ஓடவிட்டு, கியர் போடாமல் வைப்பது நல்லது. ஆனால் கியர் போட்ட அந்த நொடியிலிருந்து, பாய் விரிந்திருந்தாலும், கடல் விதிகளின்படி நீங்கள் இன்ஜின் படகு. பாய்ப் படகுக்கு வழிவிட வேண்டியவர் நீங்கள்.

கடல் நோய் மாத்திரையை முந்தைய ராத்திரியே போட்டுக்கொள்ளுங்கள். வாந்தி வந்த பிறகு போட்டால் தங்காது. இரண்டு நாள் சாப்பாட்டைச் சமைத்து வையுங்கள். "எனக்கு ஒன்றும் ஆகாது" என்பவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்.

முதல் ராத்திரி

இருட்டியதும் சுற்றிலும் விளக்குகள். சிவப்பு, பச்சை, வெள்ளை, எது கிட்டே, எது தூரம் என்று தெரியாது. சுற்றியுள்ள படகுகளைக் காட்டும் ஏஐஎஸ் திரை முழுக்க முக்கோணங்கள், அலாரம் நிற்காமல் அடிக்கும். எரிச்சலில் யாராவது அதை மொத்தமாக அணைத்துவிடுவார்கள். அணைக்காதீர்கள், மோதல் எச்சரிக்கைத் தூரத்தைக் கால் மைல், அரை மைலாகக் குறைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் பழைய அளவுக்கு மாற்ற வேண்டும் என்று லாக் புத்தகத்தில் எழுதி வையுங்கள், கூட்டம் அதற்குள் சிதறிவிடும். அப்புறம் வருவது பெரிய சரக்குக் கப்பல்கள்தான், அவற்றுக்குக் கால் மைல் போதாது.

முதல் ராத்திரி காவலை நாங்கள் இரண்டு இரண்டு பேராக வைப்போம். ஒருவர் வெளியே கண்ணால் பார்க்க, ஒருவர் திரையைப் பார்க்க. பக்கத்தில் போகும் படகும் இதே போலக் களைத்த மனிதர்களுடையது, உங்களைப் பார்த்திருப்பார்கள் என்று எண்ண வேண்டாம். வழியுரிமை உங்களுக்கு இருந்தாலும் முன்கூட்டியே, தெளிவாகத் தெரியும்படி திசையை மாற்றிவிடுங்கள்.

தெற்கா, மேற்கா

இரண்டாம் நாளிலிருந்து ஒரே பேச்சு இதுதான். பழைய மாலுமிகள் வெண்ணெய் உருகும் வரை தெற்கே போ, பிறகு மேற்கே திரும்பு என்பார்கள். 20 பாகை வடக்கு, 30 பாகை மேற்கு பக்கமாகப் போய்த் திரும்புவது அதன் பொருள். பாதை நீளும், ஆனால் வியாபாரக் காற்று கிடைக்கும். நேர்க்கோட்டில் போகிறவர்கள் வடக்கே இருக்கும் உயர் அழுத்தம் தெற்கே நகர்ந்து வந்தால் காற்றில்லாமல் நிற்பார்கள், தாழ்வு மண்டலத்தின் வால் வந்தால் எதிர்காற்றில் மாட்டுவார்கள். சில வருடம் வடக்கு வழி வேகமாக அமைவதும் உண்டு, ரேஸிங் படகுகள் அதற்காகவே அதை எடுக்கும். குடும்பப் படகுக்கு என் வோட்டு எப்போதும் தெற்குக்குத்தான்.

முன்பெல்லாம் எஸ்எஸ்பி என்ற தொலைதூர ரேடியோவில் தினம் ஒரு முறை கூடிப் பேசி, இடமும் காற்றும் சொல்வார்கள். இப்போது பல படகுகளில் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையம், நாள் முழுக்கக் குழுவில் செய்திகள். யார் எங்கே, எவ்வளவு காற்று என்று பார்ப்பது மாடலைவிட நல்ல தகவல், ஏனென்றால் அது உண்மையில் வீசிய காற்று. உங்களுக்கு 150 மைல் மேற்கே இருப்பவர் சொல்லும் காற்றுத் திசையைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் பாதை முடிவை ஒரு நாளைக்கு ஒரு முறைதான் எடுங்கள். குழுவில் யாரோ "நாங்கள் வடக்கே திரும்பிவிட்டோம்" என்று எழுதியதற்காக மத்தியானத்தில் பாயை மாற்றிக்கொண்டிருந்தால் ஆட்கள் களைத்துப் போவார்கள்.

35 பாகை மேற்கு வரை கடல் வானிலை அறிக்கை கொடுப்பது பிரான்ஸின் பொறுப்பு. அதைத் தாண்டியதும் அமெரிக்காவின் தேசியப் புயல் மையத்தின் பகுதி வரும். இரண்டும் மனிதர்கள் எழுதும் அறிக்கை. மாடல் எவ்வளவு அழகாகப் படம் காட்டினாலும் இந்த எழுத்து அறிக்கையைத் தினமும் படியுங்கள்.

ஸ்குவால்

வியாபாரக் காற்றில் புயல் அபூர்வம், ஸ்குவால், அதாவது மழை மேகத்தோடு வரும் திடீர்க் காற்று, தினசரி. எந்த மாடலும் அதைச் சொல்லாது. பகலில் கறுத்த அடிப்பாகத்தோடு வரும் மேகம் தெரியும். ராத்திரியில் பின்பக்கம் நட்சத்திரங்கள் ஒரு ஓரத்திலிருந்து மறைய ஆரம்பிக்கும், ரேடாரில் மழை திட்டாகத் தெரியும். இருபது நாட் முப்பத்தைந்தாகும், திசை இருபது முப்பது பாகை திரும்பும், பத்து இருபது நிமிடத்தில் முடியும். முடிந்ததும் கொஞ்ச நேரம் காற்றே இருக்காது, அந்த நேரத்தில்தான் பாய் அடித்துக் கிழியும், பாயின் அடிக்கம்பமான பூம் ஆடி மறுபக்கம் பாயும். பூம் நகராமல் கட்டும் கயிறு எப்போதும் போட்டே இருக்க வேண்டும்.

சூரியன் மறைவதற்கு முன் பாயைக் குறைத்துவிடுவது எங்கள் படகின் வழக்கம், காற்று எவ்வளவு இனிமையாக இருந்தாலும். ஒரு ராத்திரியில் பத்து மைல் குறையலாம், ஆனால் தூங்குகிறவர்கள் தூங்குவார்கள். மூன்று வாரப் பயணத்தில் தூக்கம்தான் முதல் பாதுகாப்பு.

பாரோமீட்டரை மறந்துவிடாதீர்கள். வெப்பமண்டலத்தில் அழுத்தம் தினமும் இரண்டு முறை ஏறி இறங்கும். பத்து மணி வாக்கில் உச்சம், நான்கு மணி வாக்கில் தாழ்வு, காலையிலும் சரி, இரவிலும் சரி. இந்த ஏற்ற இறக்கம் ஓரிரு மில்லிபார்தான். அது ஒழுங்காக நடக்கும் வரை நல்லது. அதை மீறி மூன்று மில்லிபார் இறங்கினால் உடனே அறிக்கையைப் பாருங்கள். ஐந்து இறங்கினால் பக்கத்தில் ஏதோ உருவாகிறது என்றே எடுத்துக்கொண்டு படகைத் தயாராக்குங்கள். நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுதி வைத்தால்தான் இது பிடிபடும்.

முடியும் இடம்

செயின்ட் லூசியாவின் வட முனை தெரிந்ததும் எல்லாரும் தளர்ந்துவிடுவார்கள். மார்டினிக்குக்கும் செயின்ட் லூசியாவுக்கும் நடுவே நீரோட்டம் மேற்கு, வடமேற்காக இழுக்கும், ஆகவே தெற்குப் பக்கமாகவே கொஞ்சம் சேர்த்துக் குறிவையுங்கள். பிஜன் ஐலண்டைச் சுற்றியதும் மூன்று வாரமாகப் பின்னால் இருந்த காற்று திடீரென்று முன்னால் வந்துவிடும். குடா மறைவாகத் தெரிந்தாலும் மலையிலிருந்து காற்று முட்டி முட்டி இறங்கும். முன்பாயை விரித்துத் தாங்கிய கம்பத்தை முனைக்கு ஒரு மணி நேரம் முன்பே எடுத்துவிடுங்கள், மெயின் பாயில் ரீஃப் போடுங்கள், கீழே உருளக்கூடியதையெல்லாம் கட்டுங்கள், படகு மூன்று வாரத்துக்குப் பிறகு முதல் முறையாகச் சாயப் போகிறது. ராத்திரியில் வந்து சேர்ந்தால் நங்கூரமிட்டு நிற்கும் படகுகளில் பல விளக்கில்லாமல் இருக்கும். முடிவுக் கோட்டைத் தாண்டியதும் இன்ஜினை ஓட்டி, பாயை இறக்கி, ஒருவரை டார்ச்சோடு முன்முனையில் நிறுத்தி, மெதுவாக உள்ளே போங்கள்.